கண்ணருகே தோன்றும் ரத்தநாளக் கட்டிகள்: சிகிச்சையைத் தீர்மானிக்கும் நாட்கணக்கு

பிறந்தபோது எந்தக் குறையும் தெரியாத குழந்தையின் மேல் இமையில், இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றி, இரண்டு மூன்று மாதங்களுக்குள் கண்ணைத் திறக்கவிடாத அளவுக்குப் புடைத்துவிடுவது உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் ஒரு கண், வலியோ சிவப்போ இல்லாமல், ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக முன்னுக்குத் தள்ளப்படுவதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் இயல்புக்கு மாறான ரத்தநாளங்கள்தான். ஆனாலும் முதலாவதற்கு நாள்களை எண்ணி விரைந்து சிகிச்சை தர வேண்டியிருக்கும். இரண்டாவதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து பார்த்துக்கொண்டு, எதுவும் செய்யாமலே விட்டுவைக்கவும் கூடும். ஆகவே, கண்ணைச் சுற்றி வரும் ரத்தநாளக் கட்டிகளைப் பற்றி அறிய விரும்புபவர், எந்த வகைக்கு எந்த வேகம் பொருந்தும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஜான் மல்லிகனும் ஜூலி குளோவாக்கியும் 1982-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் தெளிவைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரே பெயரால் குறிப்பிடப்பட்டுவந்த பலவற்றை, செல்கள் நடந்துகொள்ளும் முறையை வைத்து அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். ரத்தநாளத்தின் உட்சுவர்ச் செல்கள் பெருகிப் பெருகி வளரும் கட்டிகள் ஒரு வகை. குழந்தைகளுக்கு வரும் ஹீமான்ஜியோமா இதில் அடங்கும். கருவில் நாளங்கள் உருவாகும்போதே தவறாக அமைந்துவிட்ட பிறழ்வுகள் மற்றொரு வகை. இவற்றில் செல்கள் பெருகுவதில்லை, நாளங்கள் விரிந்தோ முறுக்கிக்கொண்டோ இருக்கும். முதல் வகை வேகமாக வளர்ந்து, பிறகு தானாகவே சுருங்கும். இரண்டாம் வகை குழந்தையோடு சேர்ந்து வளரும், தானாக மறையாது. ஒன்றுக்குப் பயன்படும் மருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பயன்படாது என்பதால், சிகிச்சை பற்றிய பேச்சு எப்போதும் இந்தப் பிரிவிலிருந்தே தொடங்குகிறது.

குழந்தைகளின் ஹீமான்ஜியோமா

நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 4 அல்லது 5 பேருக்கு உடலில் எங்காவது இந்தக் கட்டி வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், பிறப்பு எடை குறைந்தவர்களுக்கும், இரட்டைக் குழந்தைகளுக்கும் இது கூடுதலாக வருகிறது. கர்ப்ப காலத்தில் கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததால் வந்தது என்று நம் ஊர்களில் இன்றும் சொல்லப்படுவதைக் கேட்கலாம். இதில் துளியும் உண்மை இல்லை. பிரசவித்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு பெண்ணின் மீது இப்படிப்பட்ட பழியைச் சுமத்துவது கொடுமை என்பதோடு, குழந்தையை மருத்துவரிடம் காட்டும் நாளையும் அது தள்ளிப்போடுகிறது.

தோலின் மேற்பரப்பில் வருவது பளிச்சென்ற சிவப்பில், மேடுபள்ளமாக இருக்கும். ஆழத்தில் வருவதற்கு மேலே தோல் இயல்பாகவே இருக்கும்; உள்ளே நீலம் பாய்ந்த ஒரு புடைப்பு மட்டும் தெரியும், குழந்தை அழும்போது அது சற்றுப் பெரிதாகும். இன்னும் ஆழத்தில், கண்குழிக்குள்ளேயே வளர்வது, கண்ணை முன்னால் தள்ளும். இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: பல பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இமைகளிலும் நெற்றி நடுவிலும் வெளிர்சிவப்பான தட்டைத் திட்டுகள் இருக்கும். அவை புடைக்காமல், ஓரிரு ஆண்டுகளில் மங்கிப் போகும். அவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை.

ஹீமான்ஜியோமாவின் வளர்ச்சி ஒரே சீராக நடப்பதில்லை. ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் இடைப்பட்ட நாள்களில்தான் அது மிக வேகமாக வளர்கிறது. எட்டக்கூடிய அளவில் பெரும்பகுதியைப் பெரும்பாலான கட்டிகள் மூன்று மாதத்துக்குள் எட்டிவிடுகின்றன. ஓராண்டை நெருங்கும்போது சுருங்கத் தொடங்கி, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எந்தத் தாயும் தவறவிடாத ஒரு நாள், அந்த வேகமான இரண்டு வாரங்களுக்குள்ளேயே வருகிறது. 45-ஆம் நாள் தடுப்பூசிதான் அது. குறிஞ்சிப்பாடியிலோ பண்ருட்டியிலோ பாகூரிலோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் அன்று, இமையிலோ புருவத்தருகிலோ உள்ள சிவப்பைச் செவிலியரிடம் சுட்டிக்காட்டி, கண் மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தரும்படி கேட்டுவிட்டால், சிகிச்சைக்கு ஏற்ற காலம் ஏறத்தாழ முழுமையாகக் கைக்கு வந்துவிடும். 75-ஆம் நாள் ஊசி வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டால், வளர்ச்சியின் பெரும்பங்கு அதற்குள் முடிந்திருக்கும்.

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண் மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ கணவர் வீட்டுக்குத் திரும்புவது நம் வழக்கம். முதலில் பார்த்த மருத்துவர் ஓர் ஊரிலும், பிறகு பார்ப்பவர் வேறோர் ஊரிலுமாக இருக்கும்போது, கட்டி வளர்கிறதா சுருங்குகிறதா என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. வாரத்துக்கு ஒருமுறை, அதே சன்னலருகில், அதே பகல் வெளிச்சத்தில், குழந்தை அழாமல் இருக்கும்போது செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது இதற்கு நல்ல தீர்வு. அழும்போது எடுத்த படத்தில் கட்டி பெரிதாகவும் சிவப்பாகவும் தெரிந்து, ஒப்பீட்டைக் கெடுத்துவிடும்.

‘தானாகப் போய்விடும்’ என்பது ஏன் இங்கே பொருந்தாது

முதுகிலோ தொடையிலோ உள்ள சிறிய ஹீமான்ஜியோமாவைப் பார்த்து, தானாகப் போய்விடும் என்று மருத்துவர் சொன்னால் அது சரியான அறிவுரை. கண்ணருகே அதே சொற்கள் ஆபத்தானவை. கட்டி நான்கு வயதில் சுருங்கிவிடலாம்; அதற்குள் அந்தக் கண் இழந்த பார்வை, கட்டி போனதும் தானாகத் திரும்பி வந்துவிடாது.

கண் பிறக்கும்போதே பெரும்பாலும் அமைந்திருந்தாலும், அது அனுப்பும் படங்களைப் பிரித்தறிய மூளை பிறந்த பிறகே பழகுகிறது. வாழ்வின் முதல் சில மாதங்கள் இந்தப் பழக்கத்துக்கு மிக முக்கியமானவை. ஏழெட்டு வயதில் அது ஏறத்தாழ நிலைபெற்றுவிடுகிறது. ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்து மற்றொன்றையே நம்பத் தொடங்கும். சோம்பல் கண் என்று நாம் சொல்லும் குறைபாடு இப்படித்தான் உருவாகிறது. இமைக் கட்டி இதற்கு மூன்று வழிகளில் காரணமாகலாம். இமை தொங்கிக் கண்மணியை மூடுவது ஒன்று. இது யாருக்கும் கண்ணால் பார்த்தே தெரிந்துவிடும். கண் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு மாறுகண் ஏற்படுவது இன்னொன்று. மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: காற்று நிரம்பிய பலூனின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினால் அதன் உருண்டை வடிவம் கெடுவதைப் போல, மேல் இமையில் உள்ள மிதமான ஒரு கட்டிகூட மென்மையான கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றிவிடும். கண்மணி திறந்தே இருக்கும், குழந்தை சிரித்து விளையாடும், ஆனால் அந்தக் கண்ணில் விழும் படம் ஒரு திசையில் கலங்கியே இருக்கும். அஸ்டிக்மாட்டிசம் எனப்படும் இந்தக் குறையை வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பேசத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிக் கண்டறிகிறார்கள் என்ற கேள்வி எழும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்த பிறகு, ஒரு சிறு கருவியின் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, அது திரும்பி வரும் விதத்தைப் பல வில்லைகள் வழியே பார்த்து, கண்ணின் பவரை மருத்துவர் கணக்கிட்டுவிடுவார். குழந்தையின் ஒத்துழைப்பு அதிகம் தேவைப்படாத சோதனை இது. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மறைக்கும்போது, கட்டி உள்ள கண்ணை மறைத்தால் பேசாமலிருக்கும் குழந்தை, நல்ல கண்ணை மறைத்தால் மட்டும் முகத்தைத் திருப்பி, கையைத் தள்ளி அழுதால், அது ஒரு கண்ணையே சார்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

புரோப்ரனலால் வந்த கதை

2008-க்கு முன்பு, பெரிய கட்டிகளுக்கு ஸ்டீராய்டு மருந்தே முதல் தேர்வாக இருந்தது. வாய்வழியாகக் கொடுத்தால் எடை கூடுதல், ரத்த அழுத்தம், வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவையும், கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போட்டால் அரிதாக மருந்துத் துகள் விழித்திரையின் தமனியை அடைத்துப் பார்வையே போவதும் அதன் விலையாக இருந்தன. அந்தச் சூழலில், பிரான்சின் போர்தோ நகரத்தில் கிறிஸ்தீன் லெயோத்தே-லாப்ரேஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், மூக்கில் ஹீமான்ஜியோமா இருந்த ஒரு குழந்தைக்கு, ஸ்டீராய்டு சிகிச்சையின் நடுவே இதயத் தசை தடித்துவிட்டதால், அதற்காகப் புரோப்ரனலால் கொடுத்தனர். பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவந்த மருந்து அது. மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, அது மென்மையடைந்ததை அவர்கள் கவனித்தனர். 2008-இல் இந்தச் செய்தி வெளியானதும் உலகெங்கும் சிகிச்சை முறை மாறியது. 2015-இல் வெளியான, 460 குழந்தைகளைக் கொண்ட பெரிய ஆய்வில், கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் மருந்து பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ மறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்து இல்லாத திரவம் பெற்றவர்களில் அது 4 சதவீதமே. வேறொரு நோக்கத்துக்காகக் கொடுத்த மருந்தின் விளைவைக் கண் முன்னே கண்டதும், தற்செயல் என்று ஒதுக்காமல் தொடர்ந்து ஆராய்ந்த அந்தக் குழுவால், எண்ணற்ற குழந்தைகளின் கண்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

எல்லாக் குழந்தைக்கும் இந்த மருந்து வேண்டியதில்லை. இமை ஓரத்தை அழுத்தாத, மெல்லிய, மேலோட்டமான சிவப்புக்கு டிமோலால் என்ற சொட்டு மருந்தைத் தோலின்மீது தடவுவதே போதுமானதாக இருக்கலாம். கண்மணியை மூடும் கட்டி, கருவிழியை அழுத்தும் கட்டி, கண்குழிக்குள் உள்ள கட்டி ஆகியவற்றுக்கே வாய்வழி மருந்து. அதைத் தொடங்குமுன் குழந்தையின் எடை, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் இ.சி.ஜி.யும் எடுப்பார்கள். மூச்சிரைப்பு உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கக் கூடியது. முகத்தின் ஒரு பகுதி முழுவதும் பரவிய பெரிய கட்டியாக இருந்தால், மூளைக்குச் செல்லும் ரத்தநாளங்களிலும் இதயத்திலும் குறை இருக்கலாம் என்பதால், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதய எக்கோவும் எடுத்துப் பார்த்த பிறகே மருந்தைத் தொடங்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் முதல் சில வேளை மருந்தை மருத்துவமனையில் வைத்தே கொடுப்பது வழக்கம்.

வீட்டில் மருந்து கொடுப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். குழந்தைகளுக்கான திரவ வடிவம் எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைப்பதில்லை. எனவே மாத்திரையை நீரில் கரைத்து அளந்து கொடுக்கும்படி சொல்லப்படுவதுண்டு. எடுத்துக்காட்டாக, 4 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்க அளவாகக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதினால், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம், அதாவது இரு வேளையாக 2 மில்லிகிராம் வீதம். 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கொதித்து ஆறிய 10 மில்லி நீரில் நன்றாகக் கரைத்தால், ஒவ்வொரு மில்லியிலும் 1 மில்லிகிராம் இருக்கும்; ஊசியில்லாத சிரிஞ்சில் 2 மில்லி எடுத்தால் ஒரு வேளைக்கான அளவு. இதே மருந்து 40 மில்லிகிராம் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. கடையில் 10 இல்லையென்று 40-ஐக் கொடுத்து, வீட்டில் வழக்கம்போலக் கரைத்தால், குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போய்ச் சேரும். ஆகையால் அட்டையில் உள்ள எண்ணை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன கணக்கு புரிதலுக்கானது மட்டுமே. குழந்தையின் எடை ஏற ஏற அளவும் மாறும்.

பால் குடித்தவுடனோ குடிக்கும்போதோ மட்டுமே மருந்தைக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக் கூடும்; குழந்தை நன்றாகத் தூங்குகிறதே என்று இரவில் நெடுநேரம் பாலின்றி விடவும் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மூச்சிரைப்பு ஏதேனும் வந்து குழந்தை சரியாகப் பால் குடிக்காத நாளில், தடுப்பூசிக்கு அடுத்து வரும் சுணக்க நாள்களும் இதில் அடங்கும், அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டால் மறுபடியும் கொடுக்கக் கூடாது. உடல் சில்லிட்டு வியர்த்து, சோர்ந்து துவண்டு கிடந்தால், விழித்து விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் பால் புகட்டியபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வலிப்பு வந்தாலோ எழுப்பினாலும் எழாவிட்டாலோ விழுங்க முடியாத நிலையில் இருந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இவ்வளவையும் படித்துவிட்டு அஞ்ச வேண்டியதில்லை. முறையாகக் கொடுத்தால் இது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்பான மருந்து. கை கால் குளிர்தல், தூக்கம் கலைதல் ஆகியவை மருந்தை நிறுத்தும் அளவுக்குப் பெரும்பாலும் போவதில்லை.

சிகிச்சை குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டியும் நீளும். சிவப்பு வெளுத்ததும் பெற்றோர் தாங்களாகவே நிறுத்திவிட்டால், கட்டி மீண்டும் புடைக்கலாம். மருந்துக்கு அசையாத, எல்லை தெளிவான சிறு கட்டியை அறுவை சிகிச்சையால் எடுப்பதும், கடைசியில் எஞ்சும் சிவப்பு இழைகளை லேசரால் மங்கச் செய்வதும் சிலருக்குத் தேவைப்படும்.

கட்டி சுருங்கிய பின்னும் கண் சிகிச்சை முடிவதில்லை. மாறிப்போன கருவிழி வளைவுக்குக் கண்ணாடியும், சோம்பல் கண்ணைத் தூண்ட நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைப்பதும் தொடரும். நன்றாக இருக்கும் கண்ணை ஏன் மூடுகிறீர்கள் என்று பாட்டி தாத்தா மனம் வருந்துவார்கள்; நம் கடலோரப் புழுக்கத்தில் ஒட்டுப்பட்டையும் வியர்வையில் நழுவும். இரண்டையும் பொறுமையாகச் சமாளித்து மாதக்கணக்கில் தொடரும் வீடுகளில்தான் பார்வை மீள்கிறது.

கடலூர், புதுச்சேரிப் பகுதியினருக்கு இந்தச் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போக வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் குழந்தைகள் நலம், தோல், கண், கதிரியக்கம் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகள் கண் பிரிவும் இமை, கண்குழிக்கான பிரிவும் உண்டு. இந்த நோய்க்குக் குழந்தை மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்பதால், ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் தவறாமல் காட்ட வேண்டும்.

தானாக மறையாத பிறழ்வுகள்

பிறப்பிலேயே முகத்தின் ஒரு பக்கத்தில் திராட்சை ரச நிறத்தில் தட்டையாகத் தெரியும் பெரிய திட்டு, நுண்நாளங்களின் பிறழ்வு. அது மங்காது, வயது ஏற ஏறக் கருத்துத் தடிக்கும். மேல் இமையையும் நெற்றியையும் அது தொட்டிருந்தால் கண் அழுத்த நோய் வரும் வாய்ப்பு உண்டு. கண்ணில் நீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசி, ஒரு கருவிழி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. வலிப்பும் சேர்ந்து வரும் நிலைக்கு ஸ்டர்ஜ்-வெபர் என்று பெயர். கருவுற்ற பின் குழந்தையின் சில செல்களில் மட்டும் ஏற்படும் ஒரு மரபணு மாற்றமே இதற்குக் காரணம் என்று 2013-இல் கண்டறியப்பட்டது. பெற்றோரிடமிருந்து அது வருவதில்லை. நிறத்தைக் குறைக்க, 595 நானோமீட்டர் அலைநீளத்துச் சாய லேசர் பல தவணைகளில் பயன்படுகிறது. நம் மாநிறத் தோலில் உள்ள நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும் என்பதால், தழும்போ நிறமாற்றமோ ஏற்படாதபடி ஆற்றலை அளந்து தர அனுபவமுள்ள கை தேவை.

நிணநீர் நாளப் பிறழ்வு வேறு விதமானது. சளி காய்ச்சலின்போதோ, சிறு அடிபட்ட பின்போ, அதன் நுண்ணறைகளுக்குள் ரத்தம் கசிந்து, ஒரே இரவில் கண் வீங்கி வெளித்தள்ளும். பூச்சிக்கடி என்று தவறாக நினைப்பதும் நடக்கும். திசுக்களோடு பின்னிக் கிடப்பதால் முழுமையாக அறுத்தெடுப்பது கடினம். அல்ட்ராசவுண்டு துணையோடு அறைகளுக்குள் பிளியோமைசின் அல்லது டாக்ஸிசைக்ளின் மருந்தைச் செலுத்திச் சுருங்கச் செய்வது ஒரு வழி. சிரோலிமஸ் என்ற மருந்து மற்றொன்று.

கோலம் போடக் குனியும்போது ஒரு கண் முன்னால் தள்ளி, நிமிர்ந்ததும் உள்ளே போய்விடுகிறது என்றால், அது கண்குழியில் விரிந்து கிடக்கும் சிரையாக இருக்கலாம். பார்வைக்குத் தொல்லை இல்லாதவரை இதைக் கண்காணித்தால் போதும். நடுத்தர வயதில் கண்ணை மெல்லத் தள்ளும் கட்டி, இன்றைய வகைப்பாட்டில் உறையிட்ட ஒரு சிரைப் பிறழ்வே. தற்செயலாக ஸ்கேனில் தெரிந்து, பார்வை நரம்பை அழுத்தாமல் இருந்தால் அதையும் விட்டுவைக்கலாம். ஒவ்வொரு கண்ணாக மூடிக் குங்குமச் சிமிழைப் பார்க்கும்போது, ஒரு கண்ணுக்கு மட்டும் அந்தச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், நரம்பு அழுத்தப்படுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அப்போது அறுவை சிகிச்சையால் கட்டியைப் பெரும்பாலும் உறையோடு முழுதாக எடுத்துவிட முடிகிறது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையில் புதிதாக முளைக்கும் நாளங்கள் இவற்றில் சேர்ந்தவை அல்ல. அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசியும் லேசரும் இந்தக் கட்டிகளுக்கு உரியவை அல்ல.

இறுதியாக ஒன்று, பிறவியில் வராதது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ கடலூர் சாலையிலோ இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு, சில நாள்களோ வாரங்களோ கழித்து ஒரு கண் சிவந்து புடைக்கும். வெள்ளைவிழியில் நாளங்கள் முறுக்குக் கம்பிபோலச் சுருண்டு தெரியும். தலைக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து ஓர் இரைச்சல் கேட்கும். சில நேரம் இரட்டையாகத் தெரியும். மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து, அருகிலுள்ள சிரைக் குழிக்குள் ரத்தம் நேரடியாகப் பாய்வதால் வருவது இது. மெட்ராஸ் ஐ என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால், கண் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விடும். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், உறுத்தும், பெரும்பாலும் மறு கண்ணுக்கும் பரவும். இதில் பீளை இருக்காது, இரைச்சல் இருக்கும். ரத்தநாள ஸ்கேனில் உறுதி செய்த பின், தொடையின் மேற்பகுதியில் உள்ள நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுண்கம்பிச் சுருள்களால் கிழிசலை அடைக்கிறார்கள். அடைத்ததும் இரைச்சல் பெரும்பாலும் உடனே நின்றுவிடும். சிவப்பும் புடைப்பும் அதற்குப் பின் வரும் நாள்களிலும் வாரங்களிலும் வடிந்துவிடும்.